தீவுக்குப் போன பிள்ளைக்கு ஆமத்தூரிலிருந்து

ஆமத்தூர்,
ஆவணி முதல் வாரம், 1962.

அன்புள்ள சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு, இருக்கன்குடி மாரியம்மனை முன்னிறுத்தி உன் அய்யா பெத்தணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அம்மா செல்லத்தாயும், செவலைப் பசுவும் அதன் கன்றும் நலம். கரிசலை உழுது போட்டாகிவிட்டது; எங்கள் பங்கு வேலை முடிந்தது, மழைதான் இன்னும் தன் பங்கைத் தொடங்கவில்லை. அவ்விடத்து உன் சுகத்துக்கு எழுதவும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். இந்த முறை கேட்கவில்லை. நீ சுகமாக இருப்பதாகப் போன கடிதத்தில் விரிவாக எழுதியதால்தான் இத்தனை வினையும் வந்தது.

நேற்று விருதுநகர் போய் உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன். ‘தீவை விட்டு உடனே தலைநகர் திரும்பு. அய்யா.’ தந்தியில் காரணம் எழுத இடமில்லை. ஆகையால் காரணத்தை இதில் எழுதுகிறேன். இருபது வருஷமாக மதுரைப் பத்திரிகைக்கு இந்தப் பக்கத்துச் செய்தி எழுதி அனுப்புகிறவன் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, முன்னது முன்னும் பின்னது பின்னுமாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

போன வருஷம் கூட்டுறவு இலாகா உன்னைத் தேர்ந்தெடுத்து, பால் சொசைட்டி நடத்துகிற விதத்தைக் கற்றுவர டென்மார்க்குக்கு அனுப்பியது. கோபன்ஹேகன் பட்டணத்திலிருந்து நீ எழுதிய முதல் கடிதங்களை ஊரே படித்தது. ராஜா இருக்கிற ஊர், டிராம் வண்டிகள், வெட்டுக்கிளிக் கூட்டம் போல சைக்கிள்கள், நடுச்சாமம் வரை விளக்கு எரியும் கடைகள், பட்டணத்துக்கு நடுவில் ஒரு தோட்டம், அதில் சனிக்கிழமைதோறும் வாணவேடிக்கை. இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. வெம்பக்கோட்டையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற முத்துராமலிங்கம், உன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அதுவரை உன்னைப் ‘பால்காரப் பய’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த வாரமே வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கினார். ‘முறைப்பொண்ணு வீட்டுல இருக்கையில வெளியில எதுக்குத் தேடணும்?’ என்றார். நாங்கள் வெளியில் தேடவே இல்லை. ஆனாலும் மறுத்துச் சொல்லவில்லை. அவர் மகள் வீரலட்சுமியும் மறுக்கவில்லை என்று தெரிந்தது. நீ கப்பலேறப் புறப்பட்ட அன்று விருதுநகர் ஸ்டேஷனில், ரயில் போய் மறைந்த பிறகும் அந்தப் பெண் வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நின்றதை நான் கவனிக்காதவன் போல இருந்தேன். நிருபருக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை.

மாமாவோ அத்தோடு நிற்கவில்லை. இந்த சீசனுக்கு ‘கோபன்ஹேகன் சக்கரம்’ என்று ஒரு தரைச்சக்கரம் கொண்டுவந்தார். சிவகாசியில் லேபிள் அடித்தாயிற்று. ராஜாவின் அரண்மனை, அதற்கு முன்னால் ஒரு டிராம், டிராமுக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒரு வாலிபன். படம் போட்டவர் டிராமைக் கண்டதில்லை. மதுரை பஸ்ஸை வரைந்து மேலே ஒரு கம்பியை இழுத்துவிட்டார். உன்னையும் கண்டதில்லை, உதட்டுக்குச் சிவப்புப் பூசிவிட்டார். ஆனாலும் வாலிபன் நீதான் என்று மாமா கடைகடையாய்ச் சொல்லி ஆர்டர் பிடித்தார். தீபாவளி கழிந்ததும் நிச்சயதார்த்தம், நீ திரும்பியதும் கல்யாணம் என்று பேச்சு.

இந்த நிலையில்தான் ஆடியில் உன் கடிதம் வந்தது. பட்டணத்து இரைச்சல் பிடிக்கவில்லை என்றும், நீயே கேட்டு ஒரு சின்னத் தீவிலுள்ள பால் சொசைட்டிக்கு மாறிக்கொண்டாய் என்றும், பட்டணத்து அறையைக் காலி செய்துவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். தபால்காரர் என்னைச் சங்கிலிமுத்துவின் டீக்கடையில் பிடித்தார். உன் கடிதம் என்றால் உரக்கப் படிப்பது வழக்கமாகிவிட்டதே, படித்தேன். படித்திருக்கக் கூடாது. சங்கிலிமுத்துவின் பெரியப்பா வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டி அந்தமானுக்குப் போய் வந்தவர். ஆகவே இந்த வட்டாரத்தில் தீவு என்றால் சங்கிலிமுத்து வைத்ததுதான் சட்டம்.

“தீவா?” என்றான், கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு. “எம்புட்டு வருசமாம்?”

“ஒரு வருஷம் பயிற்சி” என்றேன்.

“அப்படித்தான் சொல்லுவாக. மேல படிங்கண்ணே.”

‘இங்கே எந்த வீட்டுக்கும் பூட்டுக் கிடையாது’ என்று படித்தேன்.

“பூட்டு எதுக்கு? சுத்திக் கடலு. எங்க பெரியப்பாவும் இதையேதான் சொல்லுவாக.”

‘தீவு முழுவதும் தேடினாலும் ஒரு போலீஸ்காரர் இல்லை.’

“மப்டியில இருப்பாக.”

‘விடியும் முன்னே எழுந்து மாடு கறக்கிறோம். மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சாப்பிடும்போது யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.’ இந்த இடத்தில் கடையில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். உன் கடிதம் வந்ததைக் கேட்டுக் கடை வாசலுக்கு வந்து நின்ற உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது’ என்று நீ எழுதியதைக் கேட்டதும், மாமா கம்பெனியில் வேலை பார்க்கும் நாகையா, “பொழுது சாஞ்சாத்தான் வேலை விடுவாகன்னா, பொழுதே சாயாத ஊராப் பாத்துல்லா கொண்டு போயிருக்காக!” என்று எழுந்து நின்றுவிட்டான். வழியோரப் பலகையில் முட்டையை வைத்துவிட்டு ஆள் போய்விடுவான், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு டப்பாவில் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை யாரும் நம்பவே இல்லை. “இது அவனா எழுதல. பக்கத்துல நின்னு எழுதச் சொல்லியிருக்காக” என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

படம் வேறு அனுப்பியிருந்தாய். நீலத்தில் முழு உடம்பையும் மூடிய ஒரே சட்டை, காலில் மரக்கட்டையில் குடைந்த செருப்பு, பக்கத்தில் ஒரு பசு. பசுவின் காதில் நம்பர் வில்லை. சங்கிலிமுத்து படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

“மாட்டுக்கே நம்பர் போட்டிருக்காக” என்றான். “புள்ளைக்கு முதுகுல இருக்கும். அதான் நேர நிக்கவச்சுப் படம் எடுத்திருக்காக.”

நான் எவ்வளவோ சொன்னேன். “ஏலே, அவனை யாரும் அனுப்பல. அவனே கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கான்” என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்போம். தம்பி, நம் ராமநாதபுரம் ஜில்லா எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மெட்ராஸில் கை நீட்டிய அதிகாரி, வாய் நீட்டிய அதிகாரி, மேலதிகாரியின் மைத்துனனைப் பகைத்துக்கொண்ட அதிகாரி எல்லோரையும் தண்ணியில்லாக் காடு என்று நம்மிடம்தான் அனுப்புகிறார்கள். வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் முதல் நாள் சொல்லுகிற வார்த்தை, ‘பட்டணம் அலுத்துப்போச்சு, நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்’ என்பதுதான். தாசில்தார் சொன்னார், மாட்டு டாக்டர் சொன்னார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சொன்னார். தலைநகரை விட்டு ஒருவன் தானாகக் கேட்டுப் போனான் என்றால், அவன் செய்த காரியம் வெளியில் சொல்லத்தக்கதல்ல என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ‘அவனே கேட்டு’ என்று நான் சொன்னதும் கடையில் இருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான் சங்கிலிமுத்து. துக்க வீட்டாரிடம் அவன் வாங்குவதில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடி போனேன். உனக்கு விடுதலை கிடைத்தால் அக்கினிச் சட்டி எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ‘பிடிச்சிருந்தால்தானே விடுதலை?’ என்று கேட்டதற்கு, ‘உங்களுக்கு எல்லாத்துலயும் வெளையாட்டு’ என்றாள். அங்கே கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “அண்ணாச்சி ஆமத்தூர்ப் பக்கமா? டென்மார்க்கு ராசா வீட்டு மாட்டை அவுத்துட்டுப் போயி மாட்டிக்கிட்டது உங்க ஊருப் பையனாமுல்ல?” என்று விசாரித்தார். இருபது வருஷத்தில் நான் எழுதியனுப்பிய எந்தச் செய்தியும் இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு விரிவாகவும் வெளியானதில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்குத் தெரியாத மீதி விவரத்தையும் சொன்னார்.

செய்தி வெம்பக்கோட்டைக்கும் போய்விட்டது. வரச்சொல்லி மாமா ஆள் விட்டார். போனேன். கம்பெனி வாசலில் காவல்காரன் என் செருப்பைக் கழற்றச் சொன்னான். மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னான். தீப்பெட்டியையும் பீடியையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். சட்டைப் பையிலிருந்த பேனாவைக்கூட மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே கண்ணுக்கெட்டிய மட்டும் பொட்டல். ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்று ஒவ்வொரு அறையையும் தனித்தனியே தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இல்லை. பேச்சுச் சத்தம் இல்லை. பேசினால் கவனம் சிதறும் என்று கண்டிப்பு. மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்து வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து, தூக்குச் சட்டியைத் திறந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். மறுபடி மணி அடித்ததும் உள்ளே போனார்கள். இதையெல்லாம் தாண்டி, வெறுங்காலோடு நான் ஆபீஸ் அறைக்குள் போனபோது மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“வாங்க மச்சான்” என்றார். “எம் மகளைக் கொண்டுபோயி ஒரு செயில்ல தள்ளச் சொல்லுதீகளா?”

“செயில் இல்ல மச்சான். தீவு. பால் சொசைட்டி.”

“கைதிக்கு என்ன வேலை கொடுத்தா என்ன? அந்தமான்ல செக்கிழுக்கச் சொன்னாக, அங்கன பால் கறக்கச் சொல்லுதாக.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்பக்கம் புதுச் சரக்கை டெஸ்ட்டுக்கு வெடித்தார்கள். சன்னல் ஆடியது. சத்தம் அடங்கியதும் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிட்டது. மாமாவுக்கு மறக்கவில்லை, அந்தச் சத்தத்தில் பேசியே பழகியவர்.

“சரி, செயிலு இல்லன்னே வச்சுக்கிடுவோம்” என்றார். “அங்கன வெடியே போட மாட்டாகளாமுல்ல? மாடு மிரண்டு பால் சுரக்காதுன்னு? நாகையா சொன்னான்.”

“அப்படித்தான் எழுதியிருக்கான்.”

“மச்சான், பொறந்தா வெடி, சடங்குக்கு வெடி, கல்யாணத்துக்கு வெடி, செத்தா வெடி. வெடியே இல்லாத ஊர்ல ஒருத்தன் இருக்கானா செத்தானான்னு அடுத்த தெருக்காரனுக்கு எப்படித் தெரியும்?”

 

அப்புறம் அவர் மேசையில் லேபிளை எடுத்துப் போட்டார். டிராம், அரண்மனை, உதட்டுச் சிவப்போடு நீ. “பட்டணத்துல இருந்தான்னா அந்தத் தோட்டத்து ஆர்டரை நமக்குப் புடிச்சிருப்பான். வாராவாரம் வெடிக்கிற ஊரு மச்சான்! இங்கன தீபாவளிக்கு ஒரு நாளு, அங்கன வருசம் பூரா தீபாவளி. அதை விட்டுட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போனவன் ஒண்ணு குத்தவாளியா இருக்கணும், இல்ல கிறுக்கனா இருக்கணும். குத்தவாளின்னாக்கூட ஒரு நாள் வெளிய வருவான்” என்றார். முடிவாக, தீபாவளிக்கு முன்னால் நீ பட்டணத்துக்குத் திரும்பி, டிராமுக்குப் பக்கத்தில் தோல் செருப்பும் கோட்டுமாக நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் வராவிட்டால் சிவகாசியில் அச்சாபீஸ்காரர் மகன் ஒருவன் தயாராக இருக்கிறான் என்றார். லேபிள் அடித்த அந்த அச்சாபீஸ்தான். உன் உதட்டுக்குச் சிவப்புப் பூசினது எதனால் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

திரும்பும்போது காவல்காரன் தீப்பெட்டியைக் கொடுத்தான், பீடியைக் கொடுக்கவில்லை. நேரே விருதுநகர் தந்தி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற பலவேசம் மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். தானே கேட்டு வாங்கி வந்தவர். உன் விலாசத்தைப் பார்த்து, “இதென்ன, ஓ எழுத்தை எழுதிக் குறுக்கே அடிச்சிருக்காக? ஊரையே ரத்து பண்ணிட்டாகளா?” என்றார். அந்த நாட்டு எழுத்தே அப்படித்தான் என்றேன். தந்தியை எழுதிவிட்டு, மெதுவாகக் குனிந்து, “பையன் என்ன பண்ணினான்?” என்று கேட்டார். “ஒண்ணும் பண்ணல” என்றேன். “நானும் ஒண்ணும் பண்ணலைங்க” என்றார். அவர் கண் கலங்கியது; தந்திக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆகையால் மகனே, தந்தி கிடைத்ததும் கிளம்பியிருப்பாய் என்று நம்புகிறேன். தோணி வரவில்லை, பனிமூட்டம் என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. மரச் செருப்பை அங்கேயே விட்டுவிடு. பட்டணம் போய் இரைச்சலைப் பொறுத்துக்கொள். இரைச்சல் கேட்டு யாரும் செத்ததில்லை, மாமாவைப் பார். டிராம் ஓடும்போது நிற்காமல், நிற்கும்போது பக்கத்தில் நின்று படம் எடு. சிரிக்காதே, தீவிலிருந்து அனுப்பிய படத்தில் நீ சிரித்திருந்ததுதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது. உன் அம்மா ராத்திரி சோறு தின்று நாளாகிறது. மாரியம்மன் உன்னை நெருப்பிலும் நீரிலும், தண்ணீர் சூழ்ந்த மண்ணிலும் காப்பாளாக. பெரியவர் சொல் கேட்டு நடக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் அய்யா,
பெத்தணன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. கடிதத்தை மடித்து ஒட்டப் போகும்போது வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வீரலட்சுமி இறங்கினாள், துணைக்கு, கம்பெனியில் திரி வைக்கிற மாரித்தாய். ‘அத்தைக்குச் சாத்தூர்ச் சேவு கொண்டாந்தேன்’ என்றாள். சேவைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் என் முன்னாலேயே நின்றாள்.

“மாமா, ஒரு கேள்வி. கத்திப் பேசுதேன்னு நினைக்காதீக, எங்க வீட்டுல இப்படித்தான் பேசணும். அங்கன வெடிச்சத்தமே கிடையாதுன்னு அவுக எழுதினது மெய்யா?”

“மெய்தான் தாயி.”

“சாப்பிடையில யாரும் பேச மாட்டாகளா?”

“மாட்டாகளாம்.”

“பூட்டும் கிடையாது?”

“கிடையாது.”

அவள் மூச்சை விட்டாள். “பொறந்ததுலேர்ந்து ஒரு நாளாச்சும் ஒருத்தர் பேச்சை நான் முழுசாக் கேட்டதில்ல மாமா. பாதியில டமார். எங்க அய்யா என்னைய வீரலட்சுமின்னு கூப்பிட்டு முடிச்சதே இல்ல, வீர, டமார், அம்புட்டுத்தான். ஸ்டேசன்ல அவுக என்னமோ சொன்னாக, ரயிலு கூவிருச்சு. அதை ஒரு தடவையாவது அமைதியான ஊர்ல கேக்கணும். அவுக தீவுலயே இருக்கட்டும், நான் போறேன். டவுனுக்குத் திரும்பினாகன்னா, அந்த அச்சாபீஸ்காரனையே கட்டிக்கிடுதேன். ரெண்டும் இரைச்சல்னா பக்கத்து இரைச்சலே போதும்.”

மாரித்தாய் இடையில், “ஏத்தா, உம்முன்னு கிடக்கிற ஊர்ல எப்படித்தான் காலந்தள்ளுவியோ?” என்று கேட்டாள். “நீங்க அறைக்குள்ள தள்ளுதீகளே, அப்படித்தான்” என்றாள் வீரலட்சுமி. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, நிறையத் தின்றாள்.

மாமாவிடம் அவளே நேற்று ராத்திரி பேசிவிட்டாளாம். ஒரே மகள்; அவர் என்ன செய்வார்? லேபிளில் டிராமை எடுத்துவிட்டுப் பசுவைப் போடச் சொல்லிவிட்டாராம். இனி அது ‘தீவுச் சக்கரம்’. வேறு அச்சாபீஸ். செய்தி கேட்ட சங்கிலிமுத்துவும், தன் பெரியப்பா அந்தமானிலிருந்து திரும்பிவர மனசில்லாமல்தான் வந்தார் என்று சற்று முன் முதன்முறையாகச் சொன்னான்.

ஆகவே தீவை விட்டு அசையாதே. ஆனால் உன் அம்மா கேட்டாள்: “தந்தியப் பாத்துட்டு அவன் கெளம்பிட்டா, இந்தக் கடுதாசி யாருக்குப் போவும்?” எனக்கு உறைத்தது. பட்டணத்து விலாசம் என்னிடம் இல்லை. அறையைத்தான் காலி செய்துவிட்டாயே. இன்னொரு தந்தி அடிக்கலாம் என்று விருதுநகருக்கு ஆள் அனுப்பினேன். பலவேசம் மறுபடி மெட்ராஸுக்கே மாற்றல் கேட்டு லீவில் போய்விட்டாராம். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவர், எழுத்தைக் குறுக்கே அடித்திருக்கிற விலாசத்துக்குத் தந்தி வாங்க முடியாது என்று திருப்பிவிட்டார்.

இனி இந்தக் கடிதம் ஒன்றுதான். நீ என் சொல் கேட்கிற பிள்ளையாக இருந்தால் இது உனக்குக் கிடைக்காது. சின்ன வயதிலிருந்து நீ நான் சொன்னதை ஒரு தடவையும் கேட்டதில்லை. அந்த ஒரே நம்பிக்கையில் தபாலில் சேர்க்கிறேன். மேலே கொடுத்த ஆசீர்வாதத்தில் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்.